வலது பக்கப் பாக்கெட்

“நாப்பத்து மூணு லேயர் இருக்கு. வேணும்னா எண்ணிப் பாத்துக்கலாம்” என்றார் மாஸ்டர், கம்ப்யூட்டர் திரையைப் பதிப்பாளர் பக்கம் திருப்பியபடி.

படத்தை அடுக்கடுக்காகத் தானே வரைந்ததற்கு அந்த லேயர்கள்தான் அத்தாட்சியாம். பதிப்பாளர் எண்ணவில்லை. அந்த அம்மாவுக்கு அதற்கு நேரமில்லை. மூன்று மணிக்குள் பன்னிரண்டு படங்களும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். குழந்தைகளுக்கான புத்தகம். கதை தயார், அட்டை தயார். அட்டையில் ‘ஓவியம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் இரண்டு விரற்கடை இடம் காலியாகக் கிடந்தது. அதில் யார் பெயரைப் போடுவது என்பதுதான் தகராறு.

உரிமை கொண்டாட இரண்டு பேர். ஒருவர் மாஸ்டர். கம்ப்யூட்டரில் படம் வரையவும் போட்டோக்களைத் திருத்தவும் மாலை வகுப்பு நடத்துகிறவர். மடிப்புக் கலையாத சட்டை, அவசரமே இல்லாத குரல். இன்னொருவர் அவரிடம் ஆறு மாதம் படித்த பெண். தொழில், பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. யூனிபார்ம் சட்டையோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார், யாராவது எழுந்திரு என்றால் சட்டென்று எழுந்துவிட வசதியாக.

அந்த டிரைவர் கூட்டிவந்த ஆள்தான் அண்ணி.

அண்ணி வீட்டு வாசலில் ‘துப்பறிவாளர்’ என்று பலகை எதுவும் கிடையாது. இருபது வருடம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்ந்து, பாஸ்போர்ட் படங்களில் பருவையும் தழும்பையும் அழித்துக்கொண்டிருந்தவர். அழித்து அழித்து, மற்றவர்கள் எங்கே அழித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் கண் தேறிவிட்டது. முதலில் ஜனங்கள் போட்டோவோடு வந்தார்கள். பிறகு சந்தேகத்தோடு வந்தார்கள். கூடவே அலையும் கொழுந்தன் அவரை அண்ணி என்று கூப்பிடப்போய், வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். அந்தக் கொழுந்தனுக்கு வயது நாற்பது. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து, பேசிப் பேசியே வாடிக்கையாளர்களை ஊரைவிட்டு ஓடவைத்தவர். பட்டப்பெயர் ‘வாய்’. மற்ற உறுப்புகள் அந்த அளவுக்கு உழைத்ததில்லை.

“நீங்க வரைஞ்ச டேப்லெட் எங்கே?” என்று டிரைவரைக் கேட்டார் பதிப்பாளர்.

“உடைஞ்சிடுச்சு மேடம்.”

“எப்படி?”

டிரைவர் தரையைப் பார்த்தார். “வண்டியில இருந்து இறங்கும்போது கீழ விழுந்திருக்கு. நான் கவனிக்கல. ஏறி ரிவர்ஸ் எடுத்துட்டேன்.”

“உங்க வண்டியா?” என்றார் வாய்.

“என் வண்டிதான்.”

“குற்றவாளி கெடச்சாச்சு அண்ணி. கெளம்பலாமா?”

அண்ணி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

நடந்தது இதுதான். ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே, நிறுத்தி வைத்த பஸ்ஸில் உட்கார்ந்து வரைந்த பன்னிரண்டு படங்கள் என்றார் டிரைவர். எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று முடிந்த படங்களை மட்டும் பென் டிரைவில் போட்டு மாஸ்டரிடம் கொடுத்தாராம். வேறு யாரிடமும் காட்டவில்லை, கூச்சம். அடுத்த வாரம் பதிப்பகத்துக்கு அனுப்பினால், அதே படங்கள் இரண்டு நாள் முன்பே மாஸ்டர் பெயரில் வந்து உட்கார்ந்திருந்தன. பென் டிரைவா, அப்படி எதையும் நான் பார்த்ததே இல்லை என்றார் மாஸ்டர்.

“ரெண்டு பேரையும் இங்கேயே வரையச் சொன்னேன்” என்றார் பதிப்பாளர். “மாஸ்டர் இருபது நிமிஷத்துல அச்சு அசலா வரைஞ்சு கொடுத்துட்டார். இவங்க...”

இவங்களுக்குக் கோடே நேராக வரவில்லை. பழகாத பேனா, பழகாத திரை, முதுகுக்குப் பின்னால் நான்கு பேர். வரைந்தது ஆடா நாயா என்று கடைசிவரை முடிவாகவில்லை.

போதாததற்கு, மாஸ்டர் நேற்றே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, அடுத்தவர் படத்தைத் திருடுகிறவரை நம்பிப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று கேட்டிருந்தார். இன்றைய முடிவு தெரியும்வரைதான் பஸ் சாவி டிரைவர் கையில் இருக்கும். பெயர் போனால் வேலையும் சேர்ந்து போகும்.

“கொஞ்சம் தள்ளுங்க” என்று அண்ணி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

திரையில் மூன்றாவது படம். ஒரு சிறுமி குடையைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் பஸ்ஸுக்கு மேலே பறக்கிறாள். பக்கவாட்டில் லேயர்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் அருகில் ஒரு சின்னக் கண். கண்ணைத் தட்டினால் அந்த லேயர் மறையும். அண்ணி குடையின் கண்ணைத் தட்டினார். குடை போய், பின்னாலிருந்த வானம் தெரிந்தது. அங்கே வால் வளைந்த ஒரு மேகம். பக்கத்தில் அதே வாலோடு அதே மேகம். அதற்குக் கீழே மறுபடியும் அதே.

“மேகம் குட்டி போட்டிருக்கு” என்றார் வாய்.

“முதல்ல இருந்து வரையற ஆள் வானத்தை வரைஞ்சிட்டு, அதுமேல குடையை வரைவாங்க. பின்னாடி வானம் முழுசா இருக்கும். முடிஞ்ச படத்துல இருந்து குடையை வெட்டி எடுத்தாதான் ஓட்டை விழும். பக்கத்து மேகத்தை எடுத்து அந்த ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைச்சிருக்கு” என்றார் அண்ணி. “இந்த வேலையை நான் இருபது வருஷம் பாத்தவ, மாஸ்டர். இந்த லேயர் எல்லாம் படத்துக்கு அப்புறம் பொறந்தது.”

டிரைவர் முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாஸ்டர் சிரித்தார். “சரியாச் சொன்னீங்க. என் ஒரிஜினல் ஃபைல் கெட்டுப்போச்சு. முடிஞ்ச படங்கள்தான் மிச்சம். நீங்க லேயர் கேப்பீங்கன்னு நான்தான் வெட்டி மறுபடியும் அடுக்கி வெச்சேன். ஏன், அவங்க டேப்லெட் உடையலாம், என் ஃபைல் கெடக்கூடாதா?”

பதிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அதுவும் நியாயம்தானே.”

டிரைவர் மறுபடியும் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார்.

அண்ணி விடவில்லை. “படத்துல இருக்கிற பிள்ளைங்க யாரு மாஸ்டர்?”

“அவங்க பஸ்ஸுல வர்ற பிள்ளைங்கதான். அதை நான் மறைக்கலயே. மத்தியானம் அந்த பஸ் என் கிளாஸ் வாசல்லதான் நிக்கும், பத்து பிள்ளைங்க இறங்குவாங்க. பாத்துப் பாத்து வரைஞ்சேன்.”

“ஜன்னல் வழியாவா?”

“வாசல்ல நின்னு. நேருக்கு நேர்.”

“நேருக்கு நேர்” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு அண்ணி எழுந்தார். “ரெண்டு மணிக்கு வர்றோம் மேடம். அதுவரைக்கும் அச்சகத்துக்கு எதுவும் அனுப்பாதீங்க.”

படியிறங்கும்போது வாய் முணுமுணுத்தார். “ஆளு கெட்டிக்காரன் அண்ணி. அது நம்ம பஸ் பிள்ளைங்கதான்னு நாம சொல்றதுக்குள்ள அவனே சொல்லிட்டான். நம்ம கையில இருந்த ஒரே பட்டாசையும் அவனே கொளுத்திட்டான்.”

“கொளுத்தட்டும். என்ன சொன்னான்னு ஞாபகம் வெச்சுக்கோ.”

பன்னிரண்டரைக்குச் சின்ன வகுப்புகள் விட்டார்கள். அண்ணியும் வாயும் மஞ்சள் பஸ்ஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். ஐந்து வயதுக்காரர்களுக்காகச் செய்த சீட். வாயின் முழங்கால் தாடையைத் தொட்டது.

“நீங்க எந்த கிளாஸ்?” என்று முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டான் ஒருவன்.

“ஒண்ணாம் கிளாஸ். பாஸ் பண்ண விடமாட்டேங்கறாங்க.”

பையன் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, பாதி தின்ற பிஸ்கட்டை நீட்டினான். வாய் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளை ஏற்றுவதும் இறக்குவதும் ஆயாவின் வேலை. டிரைவர் கைகளை ஸ்டியரிங்கில் வைத்தபடி சாலையையும் பக்கக் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுகிற பிள்ளைகள் பக்கம் தலை திரும்பவே இல்லை. ஆனால் வண்டி கிளம்பியதும், “பிஸ்கட்டை யாருக்குடா கொடுத்தே?” என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

அண்ணி மடியில் பன்னிரண்டு படங்களின் பிரதிகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டார். அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை. குடையில் பறந்தவள் மூன்றாவது வரிசையில் சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திமிங்கலத்தின் மேல் சவாரி செய்தவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். படத்தில் இருந்த திமிரும் திருட்டுமுழியும் அப்படியே நேரிலும் இருந்தன.

“அண்ணி” என்றார் வாய், திடீரென்று குரலைத் தாழ்த்தி. “இந்தச் சட்டையைப் பாருங்க. பாக்கெட் இடது பக்கம் இருக்கு.”

“ஆமா.”

“படத்துல வலது பக்கம் இருக்கு.”

“பன்னிரண்டு படத்துலயும்” என்றார் அண்ணி.

“குடைக்காரிக்கு மச்சம் இடது கன்னத்துல. படத்துல வலது கன்னத்துல. திமிங்கலக்காரனுக்கு வகிடு மாறிக் கிடக்கு.” வாய் பிரதிகளை மூடிவைத்தார். இப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. “தினமும் ரெண்டு வேளை இந்தப் பிள்ளைங்களைப் பாக்கிற பொம்பளை அண்ணி. எப்பவோ பாக்கிற ஆள்தான் இப்படித் தப்பு பண்ணுவான். நம்ம கட்சிக்காரங்க நம்மகிட்டயே பொய் சொல்றாங்களோ?”

அண்ணி பிரதிகளை மறுபடியும் முதலிலிருந்து புரட்டினார். அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. மாஸ்டரின் வகுப்பு வாசலில் பத்து பிள்ளைகள் இறங்கினார்கள். வாசலில் நின்று பார்த்தால் முகம், பாக்கெட், மச்சம் எல்லாமே தெளிவாகத் தெரிந்தன. மாஸ்டர் சொன்னது அந்த மட்டும் உண்மை.

கடைசிப் பிள்ளையும் ஆயாவும் இறங்கிய பிறகு, பஸ் ஒரு மரத்தடியில் நின்றது. டிரைவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

“ஒரு நிமிஷம் உங்க சீட்டுல உக்காந்துக்கட்டுமா?” என்று கேட்டார் அண்ணி.

“தாராளமா. ஆனா எதையும் திருகிடாதீங்க.”

அண்ணி டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் சாலை. தலைக்கு மேலே நோட்டுப்புத்தகம் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, அதில் காலி சீட்டுகளும் கடைசி வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த கொழுந்தனும். அண்ணி ரொம்ப நேரம் கொழுந்தனையே பார்த்தார்.

“வாட்சை எந்தக் கையில கட்டியிருக்கே?”

“இடது கையில. ஏன், நேரம் ஆயிடுச்சா?”

“இல்ல. இப்பதான் நல்ல நேரமே வந்திருக்கு” என்றார் அண்ணி.

இரண்டு மணிக்கு அவர்கள் திரும்பியபோது மாஸ்டர் பதிப்பாளரோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் பஸ் கீழே தெருவில், ஜன்னலுக்கு நேராக நின்றது. டிரைவர் இந்த முறை உட்காரவே இல்லை.

அண்ணி, பிள்ளைகளின் பள்ளிச் சட்டை ஒன்றை மேசைமேல் விரித்தார். ஆயாவிடம் கேட்டு வாங்கியது. “பாக்கெட் எந்தப் பக்கம் மாஸ்டர்?”

“இடது பக்கம்.”

“படத்துல?”

மாஸ்டர் திரையைப் பார்த்தார். ஒரு விநாடிதான். “வலது பக்கம். அதனால என்ன? நாங்க வரையும்போது தப்பு தெரியறதுக்காகப் படத்தை இடவலமா ஃப்ளிப் பண்ணிப் பாப்போம். கண்ணாடியில பாக்கிற மாதிரி. எந்த ஆர்ட்டிஸ்டைக் கேட்டாலும் சொல்வாங்க. இந்தப் படங்களை அப்படியே திருப்பினபடி விட்டுட்டேன். பஸ் மேல இருக்கிற எழுத்தையும் நம்பரையும் அப்புறம்தான் சேத்தேன்.” டிரைவர் பக்கம் திரும்பினார். “இது எனக்குத் தெரிஞ்ச விஷயம். ஃப்ளிப் பண்ணியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?”

டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது. “தெரியாது சார்” என்றார்.

“மேடம், பாத்துக்கோங்க” என்றார் மாஸ்டர்.

வாய் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி மட்டும் பதிப்பாளரின் கம்ப்யூட்டரைக் காட்டினார். “அவர் சொல்றபடியே செய்ங்க மேடம். படத்தைத் திருப்புங்க. ஒரிஜினல் எப்படி இருந்துச்சுன்னு பாத்துடலாம்.”

பதிப்பாளர் இரண்டு பட்டன்களைத் தட்டினார். குடைக்காரி சட்டென்று இடவலம் மாறினாள். பாக்கெட் இடது பக்கம் வந்தது. மச்சமும் சரியான கன்னத்துக்கு வந்தது.

“இப்ப பிள்ளை சரியா இருக்கு” என்றார் பதிப்பாளர்.

“பிள்ளை சரி. பஸ்?”

பதிப்பாளர் திரையைப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வழியே கீழே பார்த்தார். மறுபடியும் திரைக்கு வந்தார். கீழே நின்ற பஸ்ஸின் கதவு இடது பக்கம். திருப்பிய படத்தில் கதவு வலது பக்கம் போயிருந்தது. ஸ்டியரிங்கும் இடம் மாறியிருந்தது.

“திருப்பறதுக்கு முன்னாடி பஸ் சரியாத்தான் இருந்துச்சு” என்றார் மெதுவாக.

“பன்னிரண்டையும் திருப்பிப் பாருங்க. திருப்பினா பஸ் தப்பு, திருப்பாட்டி பிள்ளைங்க தப்பு. முழுப் படத்தையும் ஃப்ளிப் பண்ணியிருந்தா ரெண்டும் சேந்துதானே மாறியிருக்கணும்?”

மாஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் மொத்தப் படத்தைன்னு சொல்லல. பிள்ளைங்க லேயரை மட்டும்...”

இந்த முறை அண்ணி பேச வேண்டியிருக்கவில்லை. பதிப்பாளரே குறுக்கிட்டார். முப்பது வருடம் படங்களைப் பார்த்த கண். “பிள்ளைங்களை மட்டும் திருப்பியிருந்தா வெயிலும் சேந்து திரும்பியிருக்கும் மாஸ்டர். இங்கே பஸ்மேலயும் வெயில் இடது பக்கம் விழுது, பிள்ளை மூஞ்சியிலயும் இடது பக்கம்தான் விழுது. இது ஃப்ளிப் பண்ணினது இல்ல. வரைஞ்ச ஆள் பிள்ளைங்களை இப்படித்தான் பாத்திருக்காங்க.”

“அந்தப் பிள்ளைங்களைத் தினமும் பாக்கிறவங்க” என்றார் அண்ணி, “ஆனா ஒரு நாளும் நேரா பாக்காதவங்க. ஏறும்போது ரோட்டைப் பாக்கணும். இறங்கும்போது முதுகுதான் தெரியும். போகும்போதும் வரும்போதும் தலைக்கு மேல இருக்கிற கண்ணாடியில மட்டும் பாக்கிறவங்க. பஸ்ஸை நேர்லயும் பிள்ளைங்களைக் கண்ணாடியிலயும் பாக்கிற ஆள் இந்த வண்டிக்கு ஒருத்தர்தான். மாஸ்டர் வாசல்ல நின்னு நேருக்கு நேர் பாத்ததா காலையிலயே சொல்லிட்டார்.”

எல்லோரும் டிரைவரைப் பார்த்தார்கள். அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்து நின்றுகொண்டிருந்தார். ஜெயித்த முகமாகவே அது இல்லை.

“அப்போ நான் எல்லாத்தையும் தப்பாவா வரைஞ்சிருக்கேன்?” என்றார்.

வாய் முதலில் சிரித்தார். பிறகு பதிப்பாளரும் சிரித்தார். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. தன் பேனாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

“ஏன் சார்?” என்று டிரைவர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல்தான். “நல்லா இருக்கான்னு கேக்கத்தானே கொடுத்தேன்.”

மாஸ்டர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். “நாலு வருஷமா சொந்தமா ஒண்ணும் வரையல. சொல்லிக்கொடுக்கறதோட சரி. உன் படத்தைத் திறந்தேன். நான் வரைய வேண்டியதாச்சே இதுன்னு தோணிடுச்சு.”

“வரைஞ்சிருக்கலாமே சார். பஸ் தினமும் உங்க வாசல்லதானே நின்னுச்சு.”

மாஸ்டர் கிளம்ப எழுந்தார். போகும் முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்யச் சொன்னார் பதிப்பாளர். அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும், படங்கள் டிரைவருடையவை, தான் சொன்னது பொய் என்று மாஸ்டர் சொன்னார். குரலில் இப்போது அவசரம் இருந்தது. கதவைச் சாத்தாமலே படியிறங்கிப் போனார்.

பதிப்பாளர் டிரைவரின் பெயரைக் கேட்டு அட்டையில் தட்டினார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று டிரைவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். அண்ணி மணியைப் பார்த்தார். இரண்டு நாற்பது.

“இன்னும் இருபது நிமிஷம் இருக்கு” என்றார் பதிப்பாளர். “வேணும்னா பாக்கெட்டையும் மச்சத்தையும் மாத்திடலாம். சின்ன வேலைதான், நம்ம ஆளுங்க பண்ணிடுவாங்க. புத்தகம் அந்தப் பிள்ளைங்க கைக்குப் போகும்போது, நம்ம மூஞ்சி மாறியிருக்கேன்னு கேக்கக்கூடாது பாருங்க.”

டிரைவர் யோசித்தார். கீழே போகிற அவசரத்தில் சாவியைக் கையில் எடுத்திருந்தவர், அப்படியே நின்றார்.

“கேக்க மாட்டாங்க மேடம்” என்றார். “அவங்க மூஞ்சியை அவங்க மட்டும் வேற எங்கே பாத்திருக்காங்க? வீட்டுக் கண்ணாடியிலதானே. அவங்களுக்கு இதுதான் சரியா இருக்கும்.”

பதிப்பாளரின் விரல்கள் விசைப்பலகையிலிருந்து விலகின. பன்னிரண்டு படங்களையும் இருந்தது இருந்தபடியே அச்சகத்துக்கு அனுப்பினார்.

“மூணேகாலுக்குப் பெரிய கிளாஸ் விட்டுடுவாங்க” என்று சொல்லிவிட்டு டிரைவர் படிகளில் ஓடினார். சற்று நேரத்தில் கீழே மஞ்சள் பஸ் உறுமிக் கிளம்பி, தெருமுனையில் திரும்பியது.